வண்டிப்பாதைக்கு யார் போட்ட பூட்டு? – நிலம்: வாசகர் கேள்வி, பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். வசதியானவர் நிலம் வாங்குகிறார், வேலி போடுகிறார், வேலியோடு ஊர் வழியும் உள்ளே போய்விடுகிறது. ஒடுகத்தூரிலிருந்து பேர்ணாம்பட்டு வரைக்கும் மலையடிவாரம் முழுக்க இதே பேச்சாக இருக்கிறது. அதனால் பட்டா மாறுதல், வாரிசுச் சான்றுக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம். பக்கத்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவன். கோர்ட்டு விஷயம் வரும் இடத்தில் வக்கீலைப் பாருங்கள். கல்லும் கோடும் வரும் இடத்தில் நான் சொல்வதைக் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து ஏரிக்கும், அதைத் தாண்டி மலையடி மேய்ச்சல் நிலத்துக்கும் ஒரு வண்டிப்பாதை உண்டு. தாத்தா காலத்திலிருந்து ஆடு மாடு அதில்தான் போகும். சில வருடம் முன்பு சென்னைத் தொழிலதிபர் ஒருவர் பாதைக்கு இரண்டு பக்கமும் நிலம் வாங்கி மாந்தோப்பு வைத்தார். முதலில் கேட் மட்டும் போட்டார், பூட்டவில்லை. அப்புறம் வாட்ச்மேன் வந்தார். உள்ளே போகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், போட்டோம். இப்போது பூட்டிவிட்டார்கள். கேட்டால் “எல்லாம் ஐயா பட்டா” என்கிறார் மேனேஜர். இளவட்டங்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒடுகத்தூர் பக்கம் ஆடு வளர்ப்பவர்

பதில்: முதலில் கடப்பாரையை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கேட்டைப் பெயர்த்த அன்று சாயங்காலமே பொருள் சேதம், அத்துமீறல் என்று புகார் போகும். பசங்கள் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவார்கள், பாதையைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. எதிர்த் தரப்புக்கு அதைவிடச் சௌகரியம் வேறு கிடையாது.

இரண்டாவது, அந்த நோட்டு. நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள், எனக்கு அதைப் படித்தபோதுதான் திக்கென்றது. வழிநடை உரிமை வழக்கில் கோர்ட்டு முதலில் கேட்பது, “உரிமையோடு நடந்தீர்களா, அனுமதி வாங்கி நடந்தீர்களா?” என்பதைத்தான். அனுமதி வாங்கி எத்தனை வருடம் நடந்தாலும் அது உரிமையாக மாறாது. பேரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்ட நோட்டு நாளைக்கு யார் கையில் இருக்கும்? அவர் வக்கீல் கையில். “பாருங்கள், என் கட்சிக்காரர் பெருந்தன்மையாக விட்டார், இவர்களே கையெழுத்துப் போட்டு வந்தார்கள்” என்பார். அதனால் இனிமேல் நோட்டு நீட்டினால் போடாதீர்கள். “ஊர்த் தலைவரிடம் ஒரு சாவி கொடுத்து வைக்கிறோம்” என்று சமரசம் பேசினாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். என்னைக் கேட்டால், பூட்டில்லாத கேட்டைப் போட்ட அன்றைக்கே நீங்கள் மனு எழுதியிருக்க வேண்டும். பூட்டு போட்ட பிறகு எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

சரி, இப்போது காகிதத்துக்கு வருவோம். மனுவில் “தாத்தா காலத்திலிருந்து” என்று தொடங்காதீர்கள். தாலுகா ஆபீசில் அந்த வரியைப் படிக்காத குமாஸ்தா கிடையாது, படித்ததும் அடுத்த மனுவுக்குப் போய்விடுவார். சர்வே எண்ணில் தொடங்குங்கள். அதற்கு மூன்று காகிதம் வேண்டும்: கிராம வரைபடம், ‘அ’ பதிவேடு (எந்த சர்வே எண் யார் பெயரில், என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமக் கணக்கு), புலப்பட நகல் (அந்தச் சர்வே எண்ணின் அளவுப் படம்). வரைபடம் சென்னை சேப்பாக்கத்தில் இருக்கும் மத்திய நில அளவை அலுவலகத்தில் கிடைக்கும். மற்ற இரண்டும் இப்போது இணையத்திலேயே பார்க்கலாம், இல்லை என்றால் தாலுகாவில் நகல் கேளுங்கள்.

வரைபடத்தில் ஊரிலிருந்து ஏரிக்குப் போகும் அந்தப் பாதையை விரலால் தடவிக்கொண்டே போங்கள். அந்தப் பாதைக்குத் தனியாக ஒரு சர்வே எண்ணோ உட்பிரிவு எண்ணோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் அந்த எண்ணை ‘அ’ பதிவேட்டில் எடுங்கள். பட்டாதாரர் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயருக்குப் பதில் அரசு புறம்போக்கு என்றும், குறிப்பில் ‘வண்டிப்பாதை’ என்றும் இருந்தால், மேனேஜர் சொன்ன “எல்லாம் ஐயா பட்டா” அங்கேயே செத்தது. இரண்டு பக்கமும் நூறு ஏக்கர் வாங்கினாலும் நடுவில் ஓடும் புறம்போக்கு அவர் கிரயத்தில் வராது. விற்றவருக்கே இல்லாததை அவர் எப்படி வாங்கியிருப்பார்?

தனி எண் இல்லாமல், புலப்படத்தில் பட்டா நிலத்துக்குள்ளே இரண்டு விட்டுவிட்ட கோடாக மட்டும் பாதை போனால் அது வேறு வகை வழக்கு. நிலம் அவருடையது, நடக்கும் உரிமை உங்களுடையது. இதற்குத் தாசில்தாரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, முன்சீப் கோர்ட்டில் உரிமை விளம்புகையும் (இந்த உரிமை உங்களுக்கு உண்டு என்ற அறிவிப்பு) தடையாணையும் கேட்க வேண்டும். 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி, தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையாக 20 வருடம் நடந்த வழிக்கு உரிமை உண்டு. ஊர் முழுக்கச் சேர்ந்து போடுவதானால் பிரதிநிதித்துவ வழக்காகப் போட வழி இருக்கிறது, வக்கீலிடம் அதைக் கேளுங்கள். அனேகர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதற்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும், தாலுகாவில் முடிய வேண்டியதற்குக் கோர்ட்டிலும் வருடக்கணக்கில் நிற்கிறார்கள்.

உங்களுடையது தனி எண்ணுள்ள புறம்போக்கு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மனு தாசில்தாருக்கு. “வழி விட வேண்டுகிறோம்” என்று எழுதாதீர்கள், யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. “இன்ன கிராமம், இன்ன சர்வே எண், வண்டிப்பாதை புறம்போக்கில் கேட்டும் வேலியும் போட்டு ஆக்கிரமிப்பு, 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்ற வேண்டும்” என்று எழுதுங்கள். அந்தச் சட்டத்தில் 7ஆம் பிரிவில் நோட்டீஸ், 6ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. ஆக்கிரமிப்புப் புகாரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று வருவாய்த் துறையின் அரசாணை எண் 540, 2014 டிசம்பர் 4ஆம் தேதியில் வந்தது. மனுவில் அந்த எண்ணையும் தேதியையும் போடுங்கள். போட்டால் ஃபைல் பறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 60 நாள் கழித்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும்போது அந்த ஒரு வரி உங்களுக்கு வேலை செய்யும்.

அளக்க வருவார்கள். அன்றைக்கு ஊரில் நாலு பேராவது கூட இருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், பண்ணை வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி, “சார், கல் இங்கேதான் இருக்கு” என்று மேனேஜரே கூட்டிப்போய்க் காட்டுவார். வெயிலில் வந்த அளவர் காட்டிய கல்லிலிருந்து டேப்பைப் பிடிப்பார். அந்தக் கல்லை நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழைய எல்லைக்கல் கருங்கல், முக்கால்வாசி மண்ணுக்குள் இருக்கும், தலையில் உளி கொத்திய குறி மழுங்கிப் போயிருக்கும், அடியில் மண் இறுகிக் கிடக்கும், கையால் ஆட்ட முடியாது. புதிதாக நட்டது பளிச்சென்று பெயிண்டோடு நிற்கும், சுற்றிலும் மண் பொலபொலவென்று இருக்கும், காலால் தள்ளினாலே ஆடும். “எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், இதைப் பக்கத்துப் புலத்தின் கல்லோடு சரிபார்த்தீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல அளவர் கோபப்பட மாட்டார், குறைந்தது இரண்டு பழைய கல்லாவது பொருந்தாமல் நாங்கள் கோடு இழுப்பதில்லை. கல்லே இல்லை, வேலிக்கம்பத்தின் கான்கிரீட்டுக்குள் போய்விட்டது என்றால் அதையும் எழுதி வாங்குங்கள். எல்லைக்கல்லைப் பிடுங்குவதும் இடம் மாற்றுவதும் 1923ஆம் வருட நில அளவை, எல்லைகள் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, யாருக்கும் சட்டென்று தோன்றாத ஆதாரம். அந்தப் பாதையில் எப்போதாவது நூறு நாள் வேலை நடந்ததா? முள் வெட்டினார்களா, மண் அடித்தார்களா? நடந்திருந்தால் ஊராட்சியில் வேலையின் பெயரும் செலவும் பதிவாகியிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அரசுப் பணத்தில் சீர் செய்த பாதையை “என் தோட்டத்து வழி” என்று சொல்வதற்கு எந்த மேனேஜருக்கும் கஷ்டம்தான்.

கேள்வி: 1960களின் கிரயப் பத்திரத்தில் “மேற்படி நிலத்துக்கு வண்டிப்பாதை வழியாக மாமூல் வழிநடை பாத்தியம்” என்று இருக்கிறது. இப்போது பார்த்தால் பாதையே பக்கத்துப் பண்ணைக்காரர் பட்டாவில் சேர்ந்திருக்கிறது. யார் சேர்த்தது?
– கே.வி.குப்பம்

பதில்: அனேகமாக யு.டி.ஆர். என்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டக் காலத்தில் சேர்ந்திருக்கும். 1980களில் பட்டாக்களைப் புதுப்பித்தபோது நல்லதும் நடந்தது, இப்படிப்பட்ட கூத்தும் நடந்தது. பழைய பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்த துண்டு, புதிய பதிவேட்டில் பக்கத்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டையும் செட்டில்மெண்ட் பதிவேட்டையும் எடுத்து, பழைய எண்ணுக்கு எதிரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் யு.டி.ஆர். பிழைத் திருத்தம் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். உங்கள் பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருக்கும். 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, நடுவில் தாலுகாக்களும் மாறின. “அந்த ரிக்கார்டு எங்களிடம் வரவில்லை” என்று ஒரு ஆபீஸ் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வேலூர் கலெக்டர் ஆபீஸ் ஆவண அறையில் கேளுங்கள், அங்கேயும் இல்லை என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம்.

கேள்வி: எங்கள் காலனியில் சாவு விழுந்தால் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குத் தென்னந்தோப்பு வழியாகத்தான் போக வேண்டும். தோப்புக்காரர் கம்பி கட்டிவிட்டார். ஒவ்வொரு தடவையும் பிணத்தை வைத்துக்கொண்டு போலீஸை வரவழைத்து, அவர்கள் பேசி, அன்றைக்கு மட்டும் விடுகிறார். மறுநாள் திரும்பக் கம்பி. இதற்கு முடிவே கிடையாதா?
– பெயர் வேண்டாம், பள்ளிகொண்டா பக்கம்

பதில்: இதே பாலாற்றங்கரையில், வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டதால் தலித் குடும்பத்தார் பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அந்த வீடியோ வெளியே வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அப்போது அது நம் வேலூர் மாவட்டம்தான். அதற்கு முன்னால் எத்தனை சாவு அப்படி இறங்கியிருக்கும் என்று யாரும் வீடியோ எடுக்கவில்லை.

இதை வெறும் வழித்தகராறு என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களைச் சுடுகாடு, பொதுவழி, ஆறு, ஏரி போன்றவற்றை மற்றவர்களைப் போல் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். 2015 திருத்தத்தில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். போலீஸ் “பேசி விடுவது” சமாதானம், அது தீர்வு இல்லை. ஒவ்வொரு தடவையும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு இரண்டு வழி. பாதை புறம்போக்கு என்றால் முதல் கேள்விக்குச் சொன்னதுதான். பட்டாதான் என்று தெரிந்தால், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சுடுகாட்டுப் பாதைக்கும் அதில் நிலம் எடுக்கலாம். கலெக்டருக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் மனு கொடுங்கள். சாவு விழாத நாளில் கொடுங்கள். பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு பேசும்போது நம் பக்கம்தான் அவசரம், அவர்கள் பக்கம் நிதானம். “ஆற்றோரமாக ஒரு மாற்றுப்பாதை காட்டுகிறேன்” என்று தோப்புக்காரர் வாயால் சொன்னால் தலையாட்ட வேண்டாம். ஆற்றில் தண்ணீர் வந்தால் அந்தப் பாதை எங்கே இருக்கும் என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கேள்வி: ஏரிப் புறம்போக்கில் தென்னை வைத்திருக்கும் பெரிய கை ஒருவர், “நான் வருஷா வருஷம் பி மெமோ கட்டுகிறேன், எனக்கு உரிமை வந்துவிட்டது” என்று ரசீதைக் காட்டுகிறார். வருமா?
– லத்தேரி

பதில்: வராது. பி மெமோ என்பது ‘நீ ஆக்கிரமிப்பாளர்’ என்று அரசு எழுதிக் கொடுக்கும் தாள். அதற்குக் கட்டுவது அபராதம். அவர் காட்டும் ரசீதையே ஜெராக்ஸ் எடுத்து உங்கள் மனுவோடு வையுங்கள், இத்தனை வருடமாக ஆக்கிரமிப்பு என்று அவரே சாட்சி சொல்கிறார். ஏரி என்பதால் 2007ஆம் வருட ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் சேரும். ஏரி நீர்வளத் துறை (முன்பு பொதுப்பணித் துறை) ஏரியா, ஒன்றிய ஏரியா என்று முதலில் கேட்டுக்கொண்டு அந்த ஆபீசுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே ஒரு கோடீஸ்வரர் கடற்கரைக்குப் போகும் வழியையே கேட் போட்டு மூடினார், அவரும் இந்தியாவில் பிறந்தவர்தான் என்றான். அந்த நாட்டிலுமா இப்படி? அங்கே என்ன தீர்ப்பு?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காட்பாடி

பதில்: ஆமாம் சார், அங்கேயும்தான். மகன் சொன்னது மார்ட்டின்ஸ் பீச். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹாஃப் மூன் பே பக்கம். வினோத் கோஸ்லா என்ற முதலீட்டாளர் 2008ல் 3.25 கோடி டாலருக்கு அந்த நிலத்தை வாங்கினார். அலை வந்து போகும் ஈர மணல் அங்கே அரசுக்குச் சொந்தம், யாரும் நடக்கலாம். ஆனால் அதற்கு இறங்கிப் போக இருந்த ரோடு அவர் நிலத்துக்குள். நம் ஒடுகத்தூர்க்காரர் பிரச்சினை அப்படியே: ஏரி ஊருடையது, போகிற வழிக்குப் பூட்டு. பழைய சொந்தக்காரர்கள் வண்டி நிறுத்தக் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை விட்டுவந்தார்கள். இவர் வந்த கொஞ்ச காலத்தில் கேட் மூடியது. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களின் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது.

கோர்ட்டு எதைப் பிடித்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ரோடு யாருடையது என்ற பஞ்சாயத்துக்கே அந்த வழக்கில் போகவில்லை. 1976ஆம் வருடத்துக் கடற்கரைச் சட்டப்படி, பொதுமக்கள் கடலுக்குப் போவதை மாற்றுகிற எந்த வேலைக்கும் முன் அனுமதி வேண்டும். கேட்டை மூடுவதும் அப்படி ஒரு வேலைதான், அனுமதி வாங்கினாயா என்று கேட்டது. வாங்கவில்லை. மேல்முறையீட்டிலும் கோஸ்லா தோற்றார், 2018 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. வழியை அடைக்கிறவரே முதலில் அனுமதிக்கு அலைய வேண்டும் என்ற ஏற்பாடு நம் ஊரிலும் இருந்தால் நன்றாக இருக்கும். இங்கே அவர் பூட்டிவிட்டுத் தூங்குகிறார், நாம் அலைகிறோம்.

அதைவிட அளவனாக எனக்குச் சுவையானது வயோமிங் மாநிலத்து வழக்கு. அங்கே 1862க்குப் பிறகு ரயில்பாதை போட்ட கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தபோது, ஒரு மைல் சதுரம் கம்பெனிக்கு, அடுத்த சதுரம் அரசுக்கு என்று மாற்றி மாற்றிச் சதுரங்கப் பலகை மாதிரி கொடுத்துவிட்டார்கள். கம்பெனி சதுரங்கள் பிற்பாடு பெரிய பண்ணைகளுக்குப் போயின. அரசுச் சதுரம் பொதுமக்களுடையது, ஆனால் அதற்கு நாலு பக்கமும் தனியார். ஓர் அரசுச் சதுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரே இடம்தான்: நாலு புலமும் சந்திக்கும் அந்த ஒற்றைக் கல். மூலைக்கு மூலை தாண்ட வேண்டும்.

மிசௌரியிலிருந்து வேட்டைக்குப் போன நாலு பேர் அதைத்தான் செய்தார்கள். மூலையில் பண்ணைக்காரர் இரும்புக் கம்பம் நட்டுச் சங்கிலி கட்டியிருந்தார். முதல் தடவை 2020ல் அவர்களில் மூன்று பேர் கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் தாண்டினார்கள். 2021ல் நாலு பேரும் தாங்களே செய்த இரும்பு ஏணியோடு வந்து, மண்ணில் கால் படாமல் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். பண்ணைக்காரர் விடவில்லை. தரையில் கால் படாவிட்டாலும் என் நிலத்துக்கு மேலே இருக்கும் காற்றில் உடம்பு பட்டது, அத்துமீறல் என்றார். 2022ல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணை கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டுப் போட்ட சிவில் வழக்கிலும் 2023ல் அவர்கள் பக்கமே தீர்ப்பு, 2025ல் மேல்முறையீட்டிலும் அப்படியே. பொது நிலத்தை வேலியால் வளைக்கக் கூடாது என்று 1885லேயே அந்த நாட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள், அதுதான் கைகொடுத்தது. கல் எங்கே இருக்கிறது என்று கைப்பேசிச் செயலியில் பார்த்துச் சரியாக அதன் மேல் ஏணியை நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள், அதில் எனக்கு ஒரு தொழில் சந்தோஷம்.

நம் உச்ச நீதிமன்றமும் சும்மா இல்லை. 2011 ஜனவரி 28ல் ஜக்பால் சிங் வழக்கில் கிராமப் பொது நிலங்களைப் பற்றிச் சொன்ன தீர்ப்பில் மந்தைவெளி, புறம்போக்கு, களம் என்று நம் பெயர்களே வருகின்றன. அவற்றை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று உத்தரவு. மகனுக்கு அதையும் அனுப்புங்கள்.

கேள்வி: உங்கள் பகுதியில் எப்போதும் எங்களையே திட்டுகிறீர்கள். நான் பெங்களூரில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பேர்ணாம்பட்டு பக்கம் 12 ஏக்கர் வாங்கினேன். நடுவில் புறம்போக்குப் பாதை. ராத்திரி அதில் வந்து குடித்துப் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். மாடு வந்து மாங்கன்றை மேய்கிறது. யானை வேறு வருகிறது. நான் கேட் போடாமல் என்ன செய்ய?
– ஒரு பண்ணைக்காரன்

பதில்: உங்கள் கடிதம் வந்ததில் எனக்குச் சந்தோஷம். பாட்டில் சில்லு மாட்டுக் குளம்பில் ஏறி நான் பார்த்திருக்கிறேன், உங்கள் எரிச்சல் நியாயம். ஆனால் குடிக்கிறவனுக்கும் ஆடு ஓட்டுகிறவருக்கும் சேர்த்து ஒரே பூட்டுப் போடுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

பாதைக்குக் குறுக்கே கேட் கூடாது, பூட்டினாலும் பூட்டாவிட்டாலும். பாதைக்கு இரண்டு ஓரமும் உங்கள் எல்லைக்குள் வேலி போடுங்கள், யாரும் கேட்க முடியாது. போடும் முன் எஃப் லைன் மனு (எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனு) கொடுத்து அளந்துகொள்ளுங்கள், கோட்டிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளிக் கம்பம் நடுங்கள். அந்த ஒரு அடிக்குக் கணக்குப் பார்த்துப் பத்து வருடம் கேஸ் நடத்தினவர்களை எனக்குத் தெரியும். 12 ஏக்கர் இரண்டு துண்டாகப் போகிறது, கம்பிச் செலவு இரட்டிப்பு என்பீர்கள். உண்மைதான். நடுவில் பாதை இருக்கிறது என்று தெரிந்துதானே விலை பேசினீர்கள்? தெரியாது என்றால் வாங்கும் முன் புலப்படத்தைப் பார்க்காத உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

யானைக்குச் சூரிய மின்வேலி போடலாம். காட்டை ஒட்டிய இடங்களில் 2023ஆம் வருட விதிகள்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுகிற வேலையை மட்டும் கனவிலும் நினைக்க வேண்டாம், குடியாத்தம் பக்கம் அதில் யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள். குடிக்கிற கூட்டத்துக்கு ஸ்டேஷனில் மனு, ஊராட்சியில் சொல்லிப் பாதையில் ஒரு தெருவிளக்கு. விளக்குக்கு நீங்களே பணம் தருகிறேன் என்று கிராம சபையில் எழுந்து சொல்லிப் பாருங்கள், உங்கள் மாங்கன்றுக்கு ஊரே காவல் இருக்கும்.

பாதையை நிலத்தின் ஓரமாக மாற்றிவிட்டு அந்தத் துண்டை எடுத்துக்கொள்ளலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். நிலப் பரிவர்த்தனைக்கு அரசுக்கு விண்ணப்பிக்கலாம், அதே அகலத்தில், அதே இடத்துக்குப் போகிற பாதை நீங்கள் தர வேண்டும், ஊராட்சி ஒப்ப வேண்டும். உத்தரவு கைக்கு வரும்வரை பழைய பாதை பழைய இடத்தில்தான். ஓடை, ஏரி, வாய்க்கால் என்றால் இந்தப் பேச்சே கிடையாது.

கேள்வி: பாதையில் லோடு கணக்கில் கருங்கல்லைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். பால் வண்டி, பள்ளிப் பிள்ளைகள் யாரும் போக முடியவில்லை. 60 நாளெல்லாம் காத்திருக்க முடியாது. உடனே ஏதாவது உண்டா?
– குடியாத்தம்

பதில்: உண்டு. பொதுவழியை அடைப்பது பொதுத் தொல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவு என்று சொல்வோம். 2024 ஜூலை முதல் அது புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152. குடியாத்தத்திலேயே ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் இருக்கிறது, நேரே போய் மனு கொடுங்கள். தடையை நீக்கு, இல்லையென்றால் வந்து காரணம் சொல் என்று அவர் நிபந்தனை உத்தரவு போடலாம். எதிர்த் தரப்பு “இது பொதுவழியே இல்லை” என்று ஆதாரத்தோடு மறுத்தால் விஷயம் சிவில் கோர்ட்டுக்குத் திரும்பும், அதனால் ‘அ’ பதிவேட்டு நகலை மனுவோடு சேர்த்தே கொடுங்கள். தேதி தெரிகிற போட்டோ, பால் சங்கத்தின் கடிதம், தலைமையாசிரியரின் கடிதம் மூன்றும் இருந்தால் பலம்.

கேள்வி: ஜமாபந்தியில் மனு கொடுத்தால் வேலை நடக்குமா, இல்லை அதுவும் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு மாதிரிதானா?
– அணைக்கட்டு

பதில்: இந்த விஷயத்துக்கு ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்தரத் தணிக்கை, ஒரு படி மேல். பசலி வருடம் (வருவாய்த் துறைக் கணக்கு வருடம்) ஜூன் 30ல் முடிவதால் அதற்கு முன்னால் மே, ஜூனில் நடக்கும், அன்றைக்கு உங்கள் கிராமத்தின் கணக்குகள் எல்லாம் அதிகாரியின் மேஜை மேல் இருக்கும். வி.ஏ.ஓ.வும் பக்கத்திலேயே நிற்பார். “இந்தச் சர்வே எண்ணுக்கு அடங்கல் கணக்கில் ஆக்கிரமிப்பு என்று எழுதியிருக்கிறதா, பி மெமோ போட்டிருக்கிறதா?” என்று அவர் முன்னாலேயே கேளுங்கள். எழுதவில்லை என்றால் ஏன் எழுதவில்லை என்று அதிகாரியே கேட்பார். மனு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.